பங்குனியில சில்லுனு மழை: கடலூர், புதுச்சேரி பக்கம் எல்லாரும் கேக்குற கேள்விகள்

பண்ருட்டி போற ரோட்ல உரக்கடை வச்சிருக்கேன். மாசி கடைசியிலயோ பங்குனியிலயோ ரெண்டு மூணு நாள் வானம் மூடிக்கிட்டு, குளுகுளுன்னு காத்தும் தூறலுமா வந்துச்சுன்னா போதும், கடைக்கு மருந்து வாங்க வர்றவங்கள விட சந்தேகம் கேக்க வர்றவங்கதான் ஜாஸ்தி. விவசாயிங்க மட்டும் இல்ல, பரீட்சை எழுதுற புள்ளைய வச்சிருக்கறவங்க, மரக்காணம் பக்கத்து உப்பளக்காரங்க, தேவனாம்பட்டினத்துல போட் வச்சிருக்கறவங்க, எல்லாரும் கேக்கறது சுத்திச் சுத்தி அதே கேள்விங்கதான். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லி தொண்டை கட்டுது, அதனால எழுதியே வச்சிட்டேன். கேள்விய அவங்க கேட்ட மாதிரியே போட்டிருக்கேன்.

பங்குனில எதுக்குங்க மழை? இது மழை சீசனே இல்லையே?

சீசன் இல்லதான். நம்ம பக்கம் பெரிய மழை அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் வர்ற வடகிழக்கு பருவமழை, அதுக்கப்புறம் தென்மேற்கு காலத்துல சாயங்காலம் சாயங்காலம் இடிச்சுப் பெய்யறது. மார்ச் வருஷத்துலயே ரொம்ப காஞ்ச மாசங்கள்ல ஒண்ணு. ஆனா காஞ்ச மாசம்னா சுத்தமா பெய்யாதுன்னு அர்த்தம் இல்ல, பல வருஷம் ஒண்ணுமே இருக்காது, ஏதோ ஒரு வருஷம் மொத்தமா கொட்டிட்டு போயிடும். 2008 மார்ச்ல தமிழ்நாடு முழுக்க பேஞ்சது வயசானவங்க எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். வானிலைத் துறை கணக்குல மார்ச், ஏப்ரல், மே மூணும் சேர்ந்து கோடைக்காலம், அதுல பெய்யறது கோடை மழை, அவ்ளோதான்.

டிவில "வளிமண்டல சுழற்சி", "காற்று திசை மாறுபாடு"ன்னு சொல்றாங்களே, அது என்னா, புயலா?

புயல் இல்ல. இந்த மாசத்துல கடல்ல இருந்து கிழக்குக் காத்து (நம்ம மீனவங்க கொண்டல்னு சொல்றது) ஈரத்தோட உள்ள வரும். மேக்கால இருந்து காஞ்ச காத்து வரும். ரெண்டும் எங்க சந்திக்குதோ அந்தக் கோட்டுல காத்து மேல எழும்பி மேகம் கட்டும். அந்தக் கோடு பெரும்பாலும் விதர்பால இருந்து கர்நாடகா உள்பகுதி வழியா தமிழ்நாடு வரைக்கும் வடக்கு தெக்கா ஓடும், அதனாலதான் பங்குனி மழை முதல்ல சேலம், தர்மபுரி, கள்ளக்குறிச்சி பக்கம் பெய்யும், நமக்கு வந்தா வரும் வராட்டி இல்ல. சுழற்சிங்கறது கடல் மேல சில கிலோமீட்டர் உயரம் வரைக்கும் காத்து வட்டமா சுத்தறது. அது ஸ்ரீலங்கா பக்கமோ குமரிக்கடல் பக்கமோ நின்னா நமக்கு நாள் முழுக்க மூடாப்பும் தூறலுமா வரும்.

எப்பயாவது அது பெருசாவும் ஆகும். 2022 மார்ச் முதல் வாரத்துல வங்கக்கடல்ல ஆழ்ந்த காற்றழுத்த தாழ்வு மண்டலம் வரைக்கும் ஆச்சு, மார்ச் மாசத்துக்கு அது ரொம்ப அபூர்வம். நம்ம கரையப் பாத்துதான் வந்துச்சு, ஆனா கரையத் தொடறதுக்குள்ள கடல்லயே வலுவிழந்து போச்சு.

அப்போ தானே புயல், பெஞ்சல் புயல் மாதிரி ஆயிடுமோன்னு பயமா இருக்குங்க

பயம் நியாயம்தான், 2011 டிசம்பர் 30 தானே புயலப் பாத்தவங்க யாரும் காத்து அடிச்சா நிம்மதியா தூங்க மாட்டாங்க. ஆனா ரெண்டும் வேற. 2024 நவம்பர் 30 பெஞ்சல்ல புதுச்சேரில ஒரே நாள்ல 45 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சு. பங்குனி மழை பேஞ்சா சாதாரணமா ஒண்ணுல இருந்து அஞ்சு சென்டிமீட்டர்தான். பிப்ரவரி மார்ச்ல கடல் மேல்தண்ணி இன்னும் முழுசா சூடேறி இருக்காது, புயலுக்கு அந்தச் சூடுதான் தீனி. நஷ்டம் வராதுன்னு சொல்லல, அது அளவால வராது, வெளிய எது கெடக்குது, எந்தப் பயிரு எந்தப் பருவத்துல நிக்குதுங்கறதாலதான் வரும். கீழ எல்லாக் கேள்விக்கும் இதுதான் அடிப்படை.

நேத்து வரைக்கும் ஃபேன் இல்லாம முடியல, இன்னைக்கு போர்வை தேடறோம். இவ்ளோ குளிர் எங்கருந்து வருது?

தெர்மாமீட்டர வச்சுப் பாத்தா ஆச்சரியமா இருக்கும், ராத்திரி வெப்பநிலை பெருசா எறங்கியிருக்காது, 23, 24ன்னு வழக்கம் போலத்தான் இருக்கும். எறங்கறது பகல்தான். 32 போக வேண்டிய பகல் மூடாப்பால 27, 28லயே நின்னுடும். அதோட மழைத்துளி வர்ற வழியிலயே கொஞ்சம் ஆவியாயிடும், ஆவியாகும்போது சுத்தியிருக்கற சூட்ட இழுத்துக்கும், மண்பானைத் தண்ணி குளிர்ற அதே கதை. இடிமழைன்னா மேல இருக்கற குளுந்த காத்தும் மழையோட சேர்ந்து கீழ கொட்டும், மழைக்கு முன்னாடி திடீர்னு ஜில்லுனு ஒரு காத்து வருதே அதுதான்.

ஊட்டிக்காரன் கேட்டா சிரிப்பான், அது வேற விஷயம். நம்ம உடம்பு மாசில இருந்தே வெயிலுக்குப் பழகிடுச்சு, அதனாலதான் 27க்கே ஸ்வெட்டர் தேடுது.

எத்தனை நாளைக்கு இப்படியே இருக்கும்?

சுழற்சியால வர்றதுன்னா ரெண்டுல இருந்து நாலு நாள். காத்து சந்திக்கறதால வர்ற இடிமழைன்னா ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம், மறுநாள் காலைல பளிச்சுனு வெயில். ஒரு வாரத்துக்கு மேல மூடிக்கிட்டு நிக்கறது அபூர்வம்.

போன்ல 80 சதவீதம் மழைன்னு போட்டான், ஒரு சொட்டு இல்ல. எதுக்கு இந்த ஆப்பு எல்லாம்?

80 சதவீதம்னா நம்ம தெருவுல 80 பங்கு கொட்டும்னு இல்ல. பெய்ய அவ்ளோ வாய்ப்பு இருக்குன்னுதான். பத்து தடவ அப்படிப் போட்டா ரெண்டு தடவ பெய்யாம போகறதும் அந்தக் கணக்குலயே இருக்கு. கோடை இடிமேகம் வேற ரொம்பச் சின்னது, நெல்லிக்குப்பத்துல கொட்டும் மஞ்சக்குப்பத்துல ரோடு காஞ்சு கெடக்கும்.

வானிலைத் துறை அறிக்கைல ஒரு வார்த்தைய மட்டும் கவனிங்க. "ஓரிரு இடங்களில்"னு போட்டா அந்தப் பகுதில நாலுல ஒரு பங்கு இடத்துக்கு மேல பெய்யாதுன்னு அர்த்தம். "பெரும்பாலான இடங்களில்"னு வந்தாதான் கிட்டத்தட்ட எல்லாருக்கும் உண்டு. முதல் நாள் ஆப்ப நம்பி முடிவெடுக்கறத விட அன்னைக்கு மத்தியானம் சென்னை, காரைக்கால் ரேடார் படத்த வெப்சைட்ல பாருங்க, மேகம் எந்தப் பக்கம் நகருதுன்னு கண்ணாலயே தெரியும். எங்க கடைல அதப் பாத்துத்தான் மூட்டைய உள்ள எடுக்கறதா வேணாமான்னு முடிவு பண்றோம்.

மஞ்சள் அலர்ட்டாமே, நாளைக்கு ஸ்கூல் லீவா? பரீட்சை தள்ளிப் போகுமா?

மஞ்சள்னா "கவனமா இருங்க"ன்னுதான், ஆரஞ்சுன்னா தயாரா இருங்க, சிவப்புன்னாதான் உடனே நடவடிக்கை. மழைக்கணக்கு எப்பவும் காலைல எட்டரைல இருந்து மறுநாள் காலைல எட்டரை வரைக்கும். அதுல 64.5 மில்லிமீட்டருக்கு மேல போனாதான் கனமழை, 115.6 போனா மிக கனமழை, 204.4ஐ தாண்டுனா அதி கனமழை. பல பேரு 20 மில்லிமீட்டர் பாத்துட்டு ஐயையோன்னு கூப்புடறாங்க, அது ரெண்டே ரெண்டு சென்டிமீட்டர்ப்பா.

லீவு நம்ம பக்கம் கலெக்டர் சொல்லணும், புதுச்சேரில அரசு தனியா சொல்லணும், அதனால கன்னியக்கோயில்ல லீவு விட்டா ரெட்டிச்சாவடில லீவுன்னு ஆகாது, ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு சட்டம் அந்தப் பக்கம் ஒரு சட்டம். பொதுத்தேர்வு வேற கணக்கு, ஸ்கூல் லீவு விட்டாலே பரீட்சையும் இல்லன்னு நினைச்சுக்காதீங்க, தேர்வுத்துறை தனியா அறிவிக்காத வரைக்கும் ஹாலுக்குப் போயே ஆகணும். புதுச்சேரி அரசுப் பள்ளிங்க சிபிஎஸ்இக்கு மாறிட்டதால அவங்க டைம்டேபிளே வேற, பக்கத்து வீட்டுப் புள்ளைக்கு இல்லன்னா உங்க புள்ளைக்கும் இல்லன்னு விட்றாதீங்க.

முந்திரி பூவுல நிக்குது, இந்த மழைல போச்சா எல்லாம்?

அதிகமா வர்ற கேள்வி இதுதான், பதிலும் ஒரே வரில இல்ல. பூ முழுசா விரிஞ்சு நிக்கறப்ப மழை அடிச்சா மகரந்தம் கழுவிப் போயிடும், ஈ, வண்டு எதுவும் பறக்காது, பூங்கொத்து கருகும். ஆனா முந்திரி ஒரே நாள்ல பூத்து முடிக்கற மரம் இல்ல, விட்டு விட்டுப் பூக்கும். முதல் பூ போனாலும் அடுத்து வர்றது காய்ப்பு கொடுக்கும். பிஞ்சு புடிச்ச மரத்துக்கு லேசான தூறலால பெரிய கெடுதி இல்ல. காய் முத்தி கொட்டற மரத்துல கொட்டைய தரைல கெடக்க விடாம அன்னன்னைக்கே பொறுக்கி, ரெண்டு மூணு நாள் நல்ல வெயில்ல காய வைக்கணும், ஈரத்தோட மூட்டை கட்டுனா பூஞ்சணம் புடிச்சு பருப்பு நிறம் மாறிடும், வியாபாரி கைல எடுத்து ஒரு குலுக்கு குலுக்குனாலே ஈரத்தக் கண்டுபுடிச்சிடுவான்.

நான் பயப்படறது மழைக்கு இல்ல, மழைக்கு அடுத்து வர்ற மூடாப்புக்கு. தேயிலைக்கொசுன்னு ஒரு பூச்சி, பேருதான் தேயிலை, முந்திரிக்குத்தான் எமன். இளந்தளிரு, பூங்காம்பு, பிஞ்சுன்னு எங்க இளசா இருக்கோ அங்க சாறு உறிஞ்சும், உறிஞ்ச இடம் கருத்து, அப்புறம் பூஞ்சாணமும் சேர்ந்து கொத்தோட காயும். மூடாப்பா ஈரமா இருக்கற வானிலை அதுக்கு ரொம்பப் புடிக்கும். மழை விட்டவுடனே தோப்புக்குள்ள போயி தளிர்ல கருப்புத் தழும்பு, பிசின் வழியறது இருக்கான்னு பாருங்க. இருந்தா ஒரு கொத்த ஒடிச்சு விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்துக்கோ அங்கயே இருக்கற வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ எடுத்துட்டு போங்க, விஆர்ஐ-3 ரகத்த குடுத்தவங்களே அவங்கதான். ஒண்ணுமே இல்லாத மரத்துக்கு "எதுக்கும் ஒரு தடவ அடிச்சு வைப்போம்"னு மருந்து கேட்டு வர்றவங்கள நான் திருப்பி அனுப்பிடறேன், பூ நேரத்துல மருந்து அடிச்சா தேனீயும் சேர்ந்து சாகும், அப்புறம் காய் எங்கருந்து புடிக்கும்?

பலா, மா?

மாம்பூவுக்கும் இதே சிக்கல்தான், தத்துப்பூச்சியும் பூஞ்சாணமும். காத்தடிச்சா பிஞ்சு உதிரும், அதுக்கு ஒண்ணும் பண்ண முடியாது, ஊறுகாய் போடுங்க. பலால சின்ன பிஞ்சுங்க ஈரத்துல கருத்து அழுகும், அழுகுனத மரத்துலயே விடாம அறுத்து தோப்புக்கு வெளிய போடணும், இல்லன்னா பக்கத்துக் காய்க்கும் பரவும். முத்துன காய்க்கு திடீர்னு நெறைய தண்ணி கெடச்சா வெடிக்கும், சொளை கொஞ்சம் சப்புனு இருக்கும். ஒரு மழையால பண்ருட்டி பலாவே கெட்டுப் போச்சுன்னு பேசறது மட்டும் டூ மச்.

நெல்லு அறுத்து ரோட்ல காயப் போட்டிருக்கேன், தார்ப்பாய் போட்டு மூடிட்டா போதுமா?

மூடறது பாதி வேலைதான். ஈர நெல்ல மூடியே வச்சிருந்தா உள்ள சூடேறி முளை கட்டும், அரிசி மஞ்சளடிக்கும். மழை விட்ட அரை மணி நேரத்துலயே தார்ப்பாய எடுத்து கிளறி விடுங்க, குவிக்காம மெல்லிசா பரப்புங்க. கொள்முதல் நிலையத்துல 17 சதவீத ஈரப்பதம்தான் கணக்கு, அதுக்கு மேல போனா திருப்பி அனுப்பலாம். மழை வருஷத்துல சில சமயம் டெல்லில இருந்து தளர்வு குடுத்திருக்காங்க, ஆனா அது அறிவிச்சாதான் உண்டு, வரும்னு நம்பி ஈரமா ஏத்திட்டுப் போயி லாரி வாடகையக் கட்டாதீங்க.

வயல்ல சாஞ்ச நெல்லுன்னா முதல்ல வடிகால் வெட்டுங்க. சேறா இருந்தா டயர் மெஷின் எறங்காது, பெல்ட் மெஷினுக்கு வாடகை கூட. ரெண்டு நாள் பொறுத்து தரை எறுகுன பிறகு அறுக்கறது நல்லதா, உடனே அறுக்கறது நல்லதான்னா, கதிரு தண்ணில முங்கி கெடந்தா உடனே, தண்ணிக்கு மேல இருந்தா பொறுக்கலாம்.

சம்பா தரிசுல உளுந்து தெளிச்சது காய் முத்தி நிக்குது

காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் பக்கம் இதுதான் பெரிய அடி. முத்துன உளுந்துக் காய் நனைஞ்சா காய்க்குள்ளயே முளைக்கும், முளைக்காட்டியும் பளபளப்பு போயி வெல அடிபடும். முக்கால்வாசி காய் கருத்திருந்தா மழை அறிவிப்பு வந்த அன்னைக்கே புடுங்கிடலாம், கொஞ்சம் பச்சை இருந்தாலும் பரவால்ல. புடுங்குனத வயல்ல போடாம மேடான எடத்துல கூரைக்கு அடில காத்தாட வைங்க. இன்னும் பூவுல இருக்கற உளுந்துக்கு பூ கொஞ்சம் கொட்டும், ஆனா மண்ணுல ஈரம் கெடைக்குதே, அவங்க மழைய திட்ட மாட்டாங்க. ஒரே வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் அழுகை அந்தப் பக்கம் சிரிப்பு.

காலைல மருந்து அடிச்சேன், மத்தியானம் மழை. மறுபடி அடிக்கணுமாண்ணா?

இலைக்குள்ள ஊடுருவிப் போற மருந்துன்னா ரெண்டு மூணு மணி நேரம் காஞ்சிருந்தாலே பெரும்பாலும் உள்ள போயிருக்கும், மறுபடி வேணாம். இலை மேல படிஞ்சு நிக்கற வகை, மேங்கோசெப்ங்கற பூஞ்சாண மருந்து மாதிரி, நல்ல மழைன்னா கழுவிட்டுப் போயிருக்கும். டப்பா லேபிள்ல இருக்கும் படிங்க, படிக்க முடியலன்னா டப்பாவ எடுத்துட்டு வாங்க நான் படிச்சு சொல்றேன். எதுவா இருந்தாலும் உடனே அடிக்காம ரெண்டு நாள் விட்டு பூச்சியோ நோயோ இன்னும் இருக்கான்னு பாத்துட்டு அடிங்க. மழை விட்ட மறுநாள் காலைல யூரியா தூவறதுக்கு நல்ல நேரம், ஆனா தண்ணி நிக்கற வயல்ல தூவாதீங்க, காசு வாய்க்கால்ல போகும். கடைக்காரனே சொல்றேன், நம்புங்க.

இன்சூரன்ஸ் கட்டியிருக்கேன், இந்த மழைக்கு காசு வருமா?

பிரதமர் பயிர் காப்பீட்டுல இதுக்கு முக்கியமா ரெண்டு வழி இருக்கு, ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கறாங்க. நிக்கற பயிருக்கு ஊரு அல்லது ஃபிர்கா அளவுல பயிர் அறுவடை சோதனை வச்சு சராசரி மகசூல் குறைஞ்சிருந்தாதான் வரும், உங்க ஒருத்தர் வயலு மட்டும் போனா அந்தக் கணக்குல வராது. ரெண்டாவது, அறுத்து வயல்லயே காயப் போட்டிருந்த பயிரு. அறுத்ததுல இருந்து 14 நாளைக்குள்ள பருவம் தவறுன மழைல கெட்டா தனி விவசாயிக்கே இழப்பீடு உண்டு, உங்க மாவட்டத்துக்கு அந்தப் பிரிவ அறிவிச்சிருக்கணும். ரோட்லயோ களத்துலயோ காயப் போட்டது இதுல வராது, "வயல்ல"ன்னுதான் விதி, இங்கதான் நெறைய பேரு மாட்டிக்கறாங்க.

முக்கியம், 72 மணி நேரத்துக்குள்ள தகவல் சொல்லணும். 14447க்கு போன் பண்ணலாம், பேங்க்லயோ வேளாண்மை விரிவாக்க மையத்துலயோ சொல்லலாம், புதுச்சேரின்னா உழவர் உதவியகம். மழை விடட்டும், ஞாயித்துக்கிழமை கழியட்டும்னு இருந்தா நேரம் போயிடும். போட்டோ எடுக்கும்போது தேதி, இடம் விழற மாதிரி எடுங்க, அடங்கல், ரசீது, பாஸ்புக் நகல் கைல வச்சுக்கங்க. அரசு நிவாரணம் தனி, அது 33 சதவீதமும் அதுக்கு மேலயும் சேதம்னு கணக்கெடுப்புல வந்தாதான், அதனால விஏஓ வந்து பாக்கற வரைக்கும் வயல உழுதுடாதீங்க.

மரக்காணத்துல உப்பளம், ஒரு மழைக்கே இவ்ளோ புலம்பறாங்களே ஏன்?

கடல்தண்ணிய பாத்தி பாத்தியா மாத்தி வெயில்ல வத்த வச்சு, அடர்த்தி 25 போமே (உப்புத்தண்ணி அடர்த்திய அளக்கற அளவு) கிட்ட வந்தாதான் உப்பு பூக்கும். ஒரு நல்ல மழை விழுந்தா அடர்த்தி எறங்கிடும், பூத்த உப்பும் கரையும், திரும்ப முதல்ல இருந்து வத்த வைக்கணும், பாத்தியையும் மிதிச்சு சரி பண்ணணும். ஒரு மணி நேர மழைக்கு ஒரு வாரம், பத்து நாள் உற்பத்தி போயிடும். அங்க கூலிக்குப் போறவங்களுக்கு அத்தன நாளும் வேலை இல்ல, அவங்களுக்கு பயிர்க் காப்பீடு மாதிரி எதுவும் கிடையாது.

கடலுக்குப் போலாமா?

எச்சரிக்கை இல்லன்னா போலாம், ஆனா பங்குனில பயம் அலை இல்ல, இடியோட வர்ற திடீர் காத்து. ஃபைபர் போட்ல நாலு பேரு நடுக்கடல்ல நிக்கும்போது மின்னலுக்கு அவங்கதான் உயரமான பொருள். இன்காய்ஸ்ங்கற மத்திய அரசு கடல் தகவல் மையத்தோட கடல் நிலை அறிக்கையையும் மீன்வளத்துறை சொல்றதையும் பாத்துட்டு போங்க. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், அதுக்கு முன்னாடி நாலு காசு பாத்துடணும்னு அவசரம் இருக்கறது புரியுது. கருவாடு காயப் போட்டவங்க மூடாப்பு நாள்ல புது மீன வெட்டாதீங்க, உப்பு தூக்கலா போட்டாலும் வெயில் இல்லாம புழு வைக்கும்.

மழைல நனைஞ்சா சளி புடிக்குமா? வீட்ல எல்லாருக்கும் காய்ச்சல்

சளி வைரஸால வர்றது, மழைத்தண்ணியால இல்ல. குளிருன்னு எல்லாரும் ஜன்னல சாத்திக்கிட்டு ஒரே ரூம்ல இருக்கறதால ஒருத்தர்கிட்ட இருந்து எல்லாருக்கும் ஒட்டுது. நனைஞ்சா தலையத் தொவட்டுங்க, அம்மாங்க சொல்றதக் கேளுங்க, அதுல தப்பில்ல.

கவனிக்க வேண்டியது டெங்கு. ஏடிஸ் கொசு நல்ல தண்ணில முட்டை போடும், ஏழுல இருந்து பத்து நாள்ல கொசுவா பறக்கும். மொட்டை மாடி டயரு, தேங்கா ஓடு, ஃப்ரிட்ஜ் பின்னாடி தட்டு, இதெல்லாம் வாரம் ஒரு தடவ கவுத்துட்டாலே போதும். காய்ச்சல் மூணு நாள் தாண்டுனா ரத்தம் பாருங்க. உடம்பு வலிக்குதுன்னு மெடிக்கல்ல கேட்டு வலி மாத்திரை போடாதீங்க, டெங்குவா இருந்தா ரத்தக்கசிவுல கொண்டு விடும், டாக்டரப் பாக்கற வரைக்கும் பாரசிட்டமால் போதும்.

இடி இடிக்கறப்ப போன் பேசலாமா?

செல்போன் பேசலாம், சார்ஜ்ல போட்டுக்கிட்டு பேசாதீங்க. வெட்டவெளில நிக்கறதுதான் ஆபத்து, மரத்தடில நிக்கறது அத விட ஆபத்து. மின்னலுக்கும் சத்தத்துக்கும் நடுவுல மூணு செகண்டுன்னா ஒரு கிலோமீட்டர் தூரம். 30 செகண்டுக்குள்ள சத்தம் வந்தா உள்ள போயிடுங்க, கடைசி இடிக்கு அப்புறம் அரை மணி நேரம் வெளிய வராதீங்க. முந்திரித் தோப்புல கொட்டை பொறுக்கறவங்களுக்கு இத கண்டிப்பா சொல்லுங்க. தாமினின்னு ஒரு ஆப் இருக்கு, பக்கத்துல மின்னல் விழுந்தா காட்டும். ஒயர் அறுந்து கெடந்தா தொடாம 1077க்கு சொல்லுங்க.

பங்குனி மழை பத்துக்கும் நஷ்டம்னு பெருசுங்க சொல்றாங்களே, யாருக்குமே நல்லது இல்லையா?

இருக்கு. கரும்புக்கு ஒரு தண்ணி மிச்சம். மணிலா (வேர்க்கடலை) விழுது எறங்கற பருவத்துல இருந்தா கொண்டாட்டம், புடுங்கற பருவத்துல இருந்தா மண்ணு இளகி சுலபமா வரும், ஆனா புடுங்குனத நல்லா காய வைக்கணும், இல்லன்னா பூஞ்சணம். கோடை உழவுக்கு இத விட நல்ல நேரம் இல்ல, காஞ்ச மண்ணுல ஏர் எறங்காது, இப்ப ஒரு உழவு ஓட்டுனா புழுக்கூடெல்லாம் மேல வந்து வெயில்ல சாகும். பெருசுங்க நெல்லும் பயறும் களத்துல கெடக்கற காலத்த வச்சு சொல்லியிருக்காங்க. அவங்க வரைக்கும் சரிதான்.

ஏரி நிரம்புமா? போர்ல தண்ணி ஏறுமா?

ஒரு சென்டிமீட்டர் மழைன்னா ஒரு ஏக்கருக்கு சுமார் 40,000 லிட்டர். கேக்க பெருசா இருக்கும், ஆனா காஞ்சு வெடிச்ச மண்ணு அத்தனையும் அப்படியே குடிச்சிடும், வாய்க்காலுக்கே வராது. வீராணம் 47.5 அடி நிரம்பறது கீழணைல இருந்து வடவாறு வழியா வர்ற காவிரித் தண்ணியால, பாகூர் ஏரிக்கு பெண்ணையாத்துல இருந்து பங்காரு வாய்க்கால் வரணும். ரெண்டு தூறலுக்கு எதுவும் ஆகாது. மாடித்தண்ணிய கெணத்துக்குள்ள விட்டு வச்சிருக்கறவங்களுக்கு கொஞ்சம் லாபம் உண்டு, கடலோரத்துல உப்பு ஏறிக்கிட்டே வர்ற போருக்கு அந்தக் கொஞ்சமும் பெருசு.

இப்ப பேஞ்சுட்டா ஐப்பசி மழை குறைஞ்சிடுமாமே?

இல்ல. மார்கழி கர்ப்போட்டத்த, அதாவது அந்த மாசத்துல மேகம் ஓடறத வச்சு அடுத்த மழைய கணிக்கற பழக்கம் நம்மகிட்ட உண்டு, அதையே பங்குனிக்கும் இழுத்து "கர்ப்பம் கலைஞ்சு போச்சு"ன்னு சொல்றாங்க. வடகிழக்கு பருவமழைய தீர்மானிக்கறது அந்த நேரத்துல பசிபிக், இந்தியப் பெருங்கடல் எப்படி சூடாகி இருக்குங்கறது, ஆறு மாசம் முன்னாடி பேஞ்ச ரெண்டு சென்டிமீட்டர் இல்ல. அந்தக் கணக்கே கூட சில சமயம் கவுக்கும், பொதுவா லா நினா (பசிபிக் கடல் வழக்கத்த விட குளுந்து கெடக்கற) வருஷத்துல நமக்கு மழை குறையும்பாங்க, 2021 லா நினா வருஷம்தான், கொட்டித் தீர்த்துச்சு.

இது கிளைமேட் சேஞ்சாலயா?

ஒரு மழையப் பாத்து அப்படி அடிச்சு சொல்ல முடியாது. காத்து ஒரு டிகிரி சூடானா சுமார் 7 சதவீதம் கூடுதலா ஈரம் தாங்கும், அதனால பெய்யும்போது சேர்த்துக் கொட்டற போக்கு கூடுதுங்கறது உண்மை. ஆனா மேல சொன்ன 2008 மாதிரி பருவம் தவறுன மழை நம்ம தாத்தா காலத்துலயும் வந்திருக்கு.

இவ்ளோ குளுந்துடுச்சே, இந்த வருஷம் வெயில் கம்மியா?

ஆசைதான். சூரியன் நம்ம தலைக்கு நேரா வர்றதே ஏப்ரல் 20, 21 வாக்குலதான், அதுக்கு அப்புறம் மே 4ல கத்திரி. மழை விட்ட மூணாவது நாளே பழைய வெயில் வந்துடும், மண்ணுல இருக்கற ஈரமும் சேர்ந்து புழுக்கம் முன்னத்த விட கூடவே இருக்கும். தர்பூசணிக்காரங்க கவலப்பட வேணாம், யாவாரம் திரும்பிடும்.

எங்க ஊரு திரௌபதியம்மன் கோயில்ல கூத்து வச்சிருக்கோம், ராத்திரி மழை வருமா, தள்ளி வைக்கலாமா?

மழை எந்த வகைன்னு பாருங்க, ரெண்டாவது கேள்வில சொன்னதுதான். மேக்கால இருந்து வர்ற இடிமழைன்னா சாயங்காலம் நாலு மணில இருந்து பத்து மணிக்குள்ள ஆட்டம் காட்டிட்டு ஓஞ்சிடும், கூத்து எப்படியும் பத்து மணிக்கு மேலதானே தொடங்குது, தைரியமா வைங்க. கடல்ல சுழற்சி நின்னு வர்ற மழைன்னா பின்ராத்திரிலயும் விடிகாலைலயும்தான் ஜாஸ்தி பெய்யும், அப்படின்னா துகில் உரியற கட்டத்துல நனைவீங்க, ரெண்டு நாள் தள்ளிடுங்க.

தீமிதி தேதிய தள்ள முடியாதுன்னா வெறகையும் ஜெனரேட்டரையும் முதல் நாளே தகரத்துக்கு அடில கொண்டு வந்துடுங்க. சீரியல் செட் ஒயரு ஈரத்தரைல கெடக்கக் கூடாது, ஜாயிண்ட்டு எல்லாத்தையும் மூங்கில்ல தூக்கிக் கட்டச் சொல்லுங்க, மைக்செட்காரரு டேப் சுத்தியிருக்கேன் போதும்பாரு, கேக்காதீங்க. கூத்துக்காரங்களுக்கு வேஷம் கட்ற கட்டை, புஜகீர்த்தி எல்லாம் நனையாம வைக்க ஸ்கூல் கட்டடத்துல ஒரு ரூம் சாவி வாங்கி வச்சிடுங்க.